கொழுப்பு சதவீதம் யார் கையில்? உடல் அளவீடும் விளையாட்டு வீரர்களின் மனநலமும்

1942ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கியும் அவருடைய சகாவும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை பார்த்தார்கள். அன்றைய உயரம்-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்குத் தகுதியில்லாதவர்கள். எடை கூடிவிட்டது என்பதுதான் காரணம். ஆனால் நீருக்குள் எடுத்த எடையிலிருந்து உடலின் அடர்த்தியைக் கணக்கிட்டபோது, அந்த அதிகப்படி கிலோவெல்லாம் தசை என்று தெரிந்தது. கொழுப்பு மிகக் குறைவாக இருந்தது. உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் அளவீட்டுக்கு விளையாட்டில் இப்படித்தான் தொடக்கம் அமைந்தது. எடை மேடையின் அவசரத் தீர்ப்பிலிருந்து வீரர்களைக் காப்பாற்றியது அது. அதே அளவீடு, எண்பது ஆண்டுகள் கழித்து, வீராங்கனைகள் அணியை விட்டே விலகுவதற்குக் காரணமாகப் பேசப்படுகிறது. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகள அணியிலிருந்து விலகிய ஆறு பெண்கள் உள்ளூர் நாளிதழிடம் பேசினார்கள். எக்ஸ் கதிரால் உடற்கூறை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக் கொழுப்பு சதவீதத்தைத் தொடர்ந்து கண்காணித்தது தங்களை உணவுக்கோளாற்றின் விளிம்புக்குத் தள்ளியது என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

இடையில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் மனிதரின் கொழுப்பை நேரடியாக அளக்கும் வழி எதுவும் இல்லை. நேரடியாக அளக்க வேண்டுமென்றால் உடலைக் கூறுபோட்டு நிறுக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் ஆய்வாளர்கள் 25 சடலங்களை அப்படிக் கூறுபோட்டு, 1984இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொழுப்பு நீங்கலான உடற்பகுதியின் அடர்த்தி எல்லாருக்கும் ஒன்றுதான் என்ற அனுமானம் அதில் ஆட்டம் கண்டது. ஆனால் உடலின் அடர்த்தியைக் கொழுப்பு சதவீதமாக மாற்ற இன்றும் பரவலாகப் பயன்படுவது 1961இல் சிரி என்ற ஆய்வாளர் வகுத்த சூத்திரம்தான். அது நிற்பது அதே அனுமானத்தின் மேல். காலிப்பரால் தோல் மடிப்பைப் பிடித்து அளப்பவர்கள் அந்த மில்லிமீட்டர்களை ஒரு சமன்பாட்டில் போட்டு அடர்த்தியாக்கி, அதை மறுபடி சிரியின் சூத்திரத்தில் போட்டுச் சதவீதமாக்குகிறார்கள். ஒரு மதிப்பீட்டின் மேல் இன்னொரு மதிப்பீடு. தோல் மடிப்புச் சமன்பாடுகளில் பொதுவாகவே மூன்று நான்கு புள்ளி பிழை உண்டு.

இந்தப் பிழை வீரரின் வாழ்க்கையில் என்ன பொருள் தரும்? 50 கிலோ எடையுள்ள ஓட்டக்காரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 20 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கு என்று அவரிடம் சொல்லப்படுகிறது. அதாவது ஒன்றரை கிலோ கொழுப்பு. அவர் இறக்க வேண்டிய மூன்று புள்ளியும் கருவியின் பிழையும் ஒரே அளவு. மாதக்கணக்கில் வயிற்றைக் கட்டி அவர் அடைந்த முன்னேற்றமும், அளந்தவரின் விரல் சற்று விலகிப் பிடித்ததும் தாளில் ஒன்றுபோலவே தெரியக்கூடும். மின்னோட்டம் செலுத்தி அளக்கும் கருவிகள் உடலிலுள்ள நீரைத்தான் உண்மையில் உணர்கின்றன. முந்தின நாள் குடித்த தண்ணீரும் காலைப் பயிற்சியில் சிந்திய வியர்வையும் அவற்றின் கணக்கை மாற்றிவிடும். டெக்ஸா இவற்றைவிட நம்பகமானது. எலும்பின் அடர்த்தியையும் அது காட்டுகிறது. ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போனால் தசைக் கணக்கு கூடுகிறது, வேறு நிறுவனத்தின் இயந்திரத்தில் படுத்தால் வேறு எண் வருகிறது. அதனால்தான் பொறுப்புள்ள விளையாட்டு அறிவியலாளர்கள் சதவீதத்தையே தவிர்த்துவிட்டு, உடலின் எட்டு இடங்களில் எடுத்த தோல் மடிப்புகளின் கூட்டுத்தொகையை மில்லிமீட்டரிலேயே குறித்துக்கொள்கிறார்கள். ஒருவரை அவருடைய பழைய அளவோடு ஒப்பிட அது உதவும். பக்கத்தில் ஓடுபவரோடு ஒப்பிட உதவாது.

நம் நாட்டு உடல்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உலகெங்கும் புழங்கும் டர்னின்-வாமர்ஸ்லி சமன்பாடு 1974இல் கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து உருவானது. இந்திய உடலில் கொழுப்பு சேரும் விதம் வேறு. புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து 2004இல் லான்செட் இதழில் இதைக் காட்டினார். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஐரோப்பிய வீரர்களைப் பார்த்து வகுத்த இலக்கை மதுரையிலோ ரோத்தக்கிலோ பிறந்த பெண்ணுக்கு அப்படியே பொருத்துவது, அவர் உடலால் பணிய முடியாத ஓர் ஆணையைப் பிறப்பிப்பதுதான்.

இனி மனத்துக்கு வருவோம். எண் பிழையாக இருந்தால் மனம் ஏன் நோக வேண்டும் என்று கேட்கலாம். அந்த எண் தனியாக வருவதில்லை. அணியில் இடம், கல்வி உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு, பயிற்சியாளரின் முகம் எல்லாம் அதோடு சேர்ந்து வருகின்றன. இளைத்துவிட்டாயே, பூசினாற்போல் ஆகிவிட்டாயே என்பதெல்லாம் நம் வீடுகளில் விசாரிப்பு. அணித் தேர்வு செய்யும் ஒருவர் அதையே மைதானத்தில் வைத்துச் சொன்னால் அது தீர்ப்பு. 1988இல் அமெரிக்கக் கல்லூரி ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகள் 42 பேரிடம் ரோசன், ஹஃப் என்ற ஆய்வாளர்கள் நடத்திய விசாரணையில், மூன்றில் இரண்டு பங்கினருக்கு எடை அதிகம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வாந்தி எடுப்பது, பேதி மருந்து, பட்டினி போன்ற ஆபத்தான வழிகளில் இறங்கியிருந்தார்கள். அதே ஆண்டில்தான் புடாபெஸ்டில் நடந்த ஒரு போட்டியில், அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச்சிடம் நடுவர் ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். 1994இல் அவர் 22 வயதில் பசியின்மை நோயால் இறந்தார். ஒற்றைச் சொல் ஓர் உயிரைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன், நோய் அவ்வளவு எளிதானதல்ல. ஆனால் அந்தச் சொல் எந்த மண்ணில் விழுகிறது என்று சொன்னவருக்குத் தெரியாது. அதுதான் அச்சம் தருகிறது.

எத்தனை வீரர்களுக்கு உணவுக்கோளாறு என்பதற்கு நம்பத்தக்க கணக்கு நார்வேயிலிருந்து கிடைக்கிறது. யோருன் சுண்ட்காட்-போர்கனும் மோனிகா டோர்ஸ்ட்வைட்டும் 2004இல் வெளியிட்ட ஆய்வு அந்நாட்டின் உயர்மட்ட வீரர்கள் அனைவரையும் எடுத்துக்கொண்டது. உணவுக்கோளாறு இருந்தவர்கள் வீரர்களில் 13.5 சதவீதம், பொதுமக்களில் 4.6 சதவீதம். வீராங்கனைகளில் ஐந்தில் ஒருவர். ஜிம்னாஸ்டிக், நடனம் போல உடல் அழகும் மதிப்பெண்ணில் சேரும் விளையாட்டுகளில் பெண்களிடையே 42 சதவீதம். ஈர்ப்பு விசையை எதிர்த்துத் தாவும் விளையாட்டுகளில் ஆண்களிடையே 22 சதவீதம். இது பெண்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதைக் கடைசி எண் சொல்கிறது. பனிச்சறுக்குத் தாண்டலில் மெலிந்தவர்கள் தொலைவு பறக்கிறார்கள் என்பதால் வீரர்கள் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கச் சர்வதேசக் கூட்டமைப்பு 2004இல் உடல் நிறை குறியீட்டைப் பலகையின் நீளத்தோடு கட்டிப்போட்டது. எடை குறைந்தால் பலகையும் குட்டையாகும்.

இந்த ஆய்வுகளிலெல்லாம் ஓர் இடைவெளி உண்டு. அளவீடு நோயை உண்டாக்குகிறதா, ஏற்கெனவே நோயின் பக்கம் சாய்ந்தவர்கள் அளவீட்டால் உடைகிறார்களா, அளவீட்டோடு வரும் பேச்சும் தண்டனையும்தான் காரணமா என்பதைப் பிரித்தறிய வலுவான சோதனைகள் குறைவு. பெரும்பாலானவை ஒரே நேரத்தில் எடுத்த கருத்துக்கணிப்புகள் அல்லது வீராங்கனைகள் பிற்பாடு சொன்ன நினைவுகள். ஆனால் இதை வைத்து விஷயத்தைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு விளையாட்டுகளில், ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள் ஒரே கதையைச் சொல்லும்போது அதைச் சான்றாகக் கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்க ஓட்டக்காரி மேரி கெய்ன் 2019இல் சொன்னது இது: அவர் 114 பவுண்டுக்கு இறங்க வேண்டும் என்று நிர்பந்தம் இருந்தது, சக வீரர்கள் முன்னால் எடை பார்க்கப்பட்டது, மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன, தற்கொலை எண்ணம் வந்தது. பயிற்சியாளர் ஆல்பர்ட்டோ சலசார் அதை மறுத்தார். கெய்ன் தொடுத்த வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. பிரிட்டனில் ஆன் வைட் தலைமையில் ஜிம்னாஸ்டிக் பற்றி நடந்த விசாரணைக்கு 400க்கும் மேற்பட்டவர்கள் வாக்குமூலம் அனுப்பினார்கள். 2022 ஜூனில் வெளியான அந்த அறிக்கையில், பயிற்சியாளர்கள் பைகளைச் சோதனை போட்டதும், சிறுமிகள் தின்பண்டத்தைக் கூரைப் பலகைக்கு மேலே ஒளித்துவைத்ததும் பதிவாகியிருக்கின்றன.

மனநலத்தையும் உடல்நலத்தையும் இந்த விஷயத்தில் தனித்தனியாகப் பேச முடியாது. பட்டினியே மனநோயை உண்டாக்கும் என்பதற்கு 1944-45இல் மின்னசோட்டாவில் உடலியலாளர் ஆன்செல் கீஸ் நடத்திய பரிசோதனை சாட்சி. மனநலம் திடமாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டார்கள். அவர்கள் சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். கவலைக்கும் மனச்சோர்வுக்கும் ஆளான வீரருக்கு ஆலோசகர் பேச்சால் மட்டும் உதவ முடியாமல் போவது இதனால்தான். தட்டில் சோறு குறைந்திருக்கும்வரை மனம் தேறாது.

இந்தக் கேள்வியின் மையம் என்று நான் நினைப்பது ஆன் லௌக்ஸ் என்ற உடலியலாளரின் பணி. 1970களில் ரோஸ் ஃபிரிஷ் என்ற ஆய்வாளர் பெண்ணுக்கு மாதவிடாய் வரக் குறிப்பிட்ட அளவு கொழுப்பு இருந்தாக வேண்டும் என்றார். அந்தக் கருத்து பயிற்சிக் கூடங்களில் வேரோடியது. கொழுப்பு சதவீதத்தைப் பார்த்தால் ஆரோக்கியத்தைப் பார்த்ததாக ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்தது. லௌக்ஸ் 2003இல் 29 இளம்பெண்களை ஐந்து நாள் மட்டும் கட்டுப்பாட்டில் வைத்துச் சோதித்தார். உணவில் வந்த ஆற்றலிலிருந்து உடற்பயிற்சியில் செலவானதைக் கழித்தால் உடலின் அன்றாட வேலைகளுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதே அவருடைய கணக்கு. கொழுப்பு நீங்கலான ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கிலோ கலோரிக்குக் கீழே அது இறங்கியதும், மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் துடிப்பு குலைந்தது. ஐந்தே நாளில். கொழுப்பு கரைவதற்குள் சேதம் தொடங்கிவிடுகிறது. நாம் பார்த்த 50 கிலோ ஓட்டக்காரிக்குக் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ. அவர் ஒரு நாளில் 1800 கிலோ கலோரி சாப்பிட்டு 600ஐ ஓட்டத்தில் எரித்தால் மிஞ்சுவது 1200. கிலோவுக்குச் சரியாக 30. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒழுங்கான சாப்பாடாகவே தெரியும். 30 என்பது எல்லா உடலுக்கும் பொருந்தும் கோடு அல்ல என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின. ஆனால் திசை மாறவில்லை. ஆபத்தை அறிய வேண்டுமானால் கேட்க வேண்டியது மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எலும்பு விரிசல் திரும்பத் திரும்ப வருகிறதா, தூக்கம் எப்படி, மனநிலை எப்படி, ஆண்களானால் பாலுணர்வு எப்படி என்பவை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ரெட்-எஸ் என்று பெயரிட்டு, 2018இலும் 2023இலும் விரிவாக்கிய ஆற்றல் குறைபாட்டுக் கருத்து இந்த அடித்தளத்தில்தான் எழுந்தது. ஆக, பல அணிகள் இத்தனை துன்பத்தை விலையாகக் கொடுத்து அளந்துகொண்டிருப்பது தவறான பொருளை.

அச்சம் அளவீட்டையே கெடுத்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்கு ஸ்கேன் என்றால் இன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவரும், முந்தின வாரம் முழுக்கச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, முடிந்த அன்று இரவு அடக்க முடியாமல் தின்பவரும் கருவிக்குக் காட்டுவது தங்கள் வழக்கமான உடலை அல்ல. அப்படிக் கிடைத்த எண்ணை வைத்துப் பயிற்சித் திட்டம் போடுவது அறிவியலாகவும் தேறாது.

அப்படியானால் அளப்பதையே நிறுத்திவிடலாமா? இங்கே நான் தயங்குகிறேன். 1997 நவம்பர், டிசம்பரில், 33 நாட்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் போட்டி எடைக்கு இறங்க ரப்பர் உடையில் வியர்த்து இறந்தார்கள். அதன்பின் வந்த விதிகளில் உடல் அளவீடு வீரரின் பக்கம் நின்றது. பருவத் தொடக்கத்தில், சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்து உடலில் நீர் போதுமானதாக இருக்கிறது என்று உறுதி செய்தபின், கொழுப்பு அளக்கப்படுகிறது. கல்லூரி வீரருக்கு 5 சதவீதம், பள்ளி மாணவருக்கு 7, மாணவிக்கு 12 என்ற அளவுக்குக் கீழே இறங்க வேண்டியிருக்கும் எடைப் பிரிவில் அவர் மோத முடியாது. வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் எடை குறைக்கவும் கூடாது. அதே எண்தான். ஆனால் இங்கே அது அடித்தளக் கோடு, யாரும் துரத்தி ஓட வேண்டிய இலக்கு அல்ல. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு காலில் தசை திரும்பி வருகிறதா என்று பார்க்கவும், எலும்பு தேய்வதை விரிசலுக்கு முன்பே கண்டுபிடிக்கவும் டெக்ஸாவுக்கு ஈடான வசதி குறைவு. தன் உடலைத் தெரிந்துகொள்ள விரும்பும் வயதுவந்த வீரரிடம், உன் மனம் தாங்காது என்று சொல்லிக் கதவை அடைப்பதும் மரியாதை அல்ல.

2023இல் ஒலிம்பிக் கமிட்டியின் ரெட்-எஸ் குழுவைச் சேர்ந்த வல்லுநர்கள் முன்வைத்த பரிந்துரைகள் இந்த இரண்டு பக்கத்தையும் எடை போட்டு எழுதப்பட்டவை. 18 வயதுக்குக் கீழே, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, உடற்கூறு அளவீடு வேண்டாம். வயது வந்தவர்களுக்கும் எதற்காக என்ற காரணமும் அவர்களின் சம்மதமும் வேண்டும், உணவுக்கோளாற்றின் அறிகுறி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும், பயிற்சி பெற்றவர் அளக்க வேண்டும், முடிவு ரகசியமாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக் அமைப்பு அதே ஆண்டில் பயிற்சியாளர்கள் வீராங்கனைகளை எடை பார்ப்பதையே தடை செய்தது. பத்து வயதுக்குக் கீழானவர்களை யாருமே எடை பார்க்கக் கூடாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அளப்பவரையும் தேர்ந்தெடுப்பவரையும் பிரித்ததுதான். மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ இருக்கும் எண் தகவல். அதே எண் தேர்வாளரின் மேசைக்குப் போனால் அது ஆயுதம். விதி எழுதியதும் எல்லாம் நடந்துவிடாது என்பதற்கு சுவரேறும் (கிளைம்பிங்) விளையாட்டு உதாரணம். 2023 ஜூலையில் சர்வதேச ஏறுதல் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவிலிருந்து, மெலிவைத் தடுக்கக் கூட்டமைப்பு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்லி மருத்துவர்கள் விலகினார்கள். ஒலிம்பிக் சாம்பியன் யான்யா கார்ன்பிரெட்டும் வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டு புதிய கொள்கை வந்தது.

இந்தியா இந்த விவாதத்தில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் கவலை. 2023 ஜனவரி 1 அன்று இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் ஓட்டத் தாக்குப்பிடிப்பை அளக்கும் யோ-யோ சோதனையோடு டெக்ஸாவையும் வீரர் தேர்வின் அளவுகோல்களில் சேர்ப்பதாக அறிவித்தது. காயங்களைத் தடுக்க என்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் அளவீடு தேர்வு மேசையிலேயே வைக்கப்பட்டுவிட்டது. அதே மாதம், ரன்களாகக் குவித்தும் பேட்டர் சர்ஃபராஸ் கானுக்கு இந்திய அணியில் இடம் கிடைக்காதபோது அவர் உடல்வாகு ஊர் பேச்சானது. ஒல்லியானவர்கள்தான் வேண்டுமென்றால் ஃபேஷன் ஷோவுக்குப் போய் மாடல்களைப் பிடித்து வாருங்கள் என்ற பொருளில் முன்னாள் கேப்டன் சுனில் கவாஸ்கர் கோபப்பட்டார். கோடிகளில் ஊதியமும் மருத்துவக் குழுவும் உள்ள ஆட்டக்காரர்களுக்கே இப்படி. தேசிய அணி செய்வதை மாவட்ட அகாடமி பார்த்துச் செய்யும் என்பதுதான் உண்மையான ஆபத்து. அங்கே டெக்ஸா இருக்காது. குறைந்த காசுக்கு அளந்து சொல்லும் ஜிம் இயந்திரமோ, 2021 முதல் சில கைக்கடிகாரங்களிலேயே வந்துவிட்ட மின்னோட்ட அளவியோ இருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளை அதை யாருக்கும் தெரியாமல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

எடைப் பிரிவு விளையாட்டுகளில் சிக்கல் இன்னும் கடினம். 2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட், சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோற்றே இராத ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தி இறுதிச்சுற்றுக்குப் போனார். வழக்கமாக அவர் மோதியது 53 கிலோவில். பாரிஸில் 50 கிலோ. அன்று மாலை எடை கூடியிருந்தது. இரவெல்லாம் தூங்காமல் ஓடினார், வியர்த்தார், முடியையும் வெட்டினார்கள். காலையில் 100 கிராம் மிச்சம். தகுதிநீக்கம் செய்யப்பட்டு, நீரிழப்புக்குச் சிகிச்சை பெற்று, மறுநாள் ஓய்வை அறிவித்தார். நாடு முழுக்க அந்த நூறு கிராமைப் பற்றிப் பேசியது. அவ்வளவு தாழ்ந்த பிரிவுக்கு அந்த உடல் இறங்கலாம் என்று பருவத் தொடக்கத்தில் மருத்துவ முறைப்படி யார் சான்று தந்தார், அப்படி ஒரு சான்று தேவை என்று ஏன் விதி இல்லை என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதல், இளையோர் கபடி ஆகியவற்றில் நம் பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே எடை மேடை ஏறுகிறார்கள். 18 வயதுக்குக் கீழே அளக்கக் கூடாது என்ற விதியை இங்கே அப்படியே நகலெடுத்தால் அது காகிதத்தில் தூங்கும், ஏனென்றால் போட்டியின் வாசலிலேயே தராசு இருக்கிறது. அமெரிக்கப் பள்ளி மல்யுத்தம் செய்ததை இங்கே செய்யலாம். பருவம் தொடங்கும்போது, உடலில் நீர் போதுமான நிலையில், மருத்துவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்து, இந்த எடைக்குக் கீழே இந்த ஆண்டு இறங்கக் கூடாது என்று எழுதித் தர வேண்டும். வளரும் பிள்ளை என்பதால் அடுத்த ஆண்டு அது மறுபடி எழுதப்பட வேண்டும். கொழுப்பு சதவீதம் அந்தத் தாளில் இடம்பெறத் தேவையில்லை. மோதக்கூடிய மிகக் குறைந்த பிரிவு எது என்ற ஒரு வரி போதும். மாநிலச் சங்கங்கள் நுழைவுப் படிவத்தோடு அதைக் கேட்டால் பயிற்சியாளரும் பெற்றோரும் அதற்குக் கீழே பேச முடியாது. அந்தத் தாளில் மருத்துவர் கையெழுத்துக்கும் பெற்றோர் கையெழுத்துக்கும் இடம் இருக்கட்டும், பயிற்சியாளர் கையெழுத்துக்கு வேண்டாம்.